அசிட்டிலினா, எல்பிஜியா: ஊர்ப் பட்டறைக்கு எந்த கேஸ், எந்த டார்ச்?

கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐடிஐயில் வெல்டர் படிப்பு முடித்துவிட்டு, ஊரிலேயே பட்டறை போடப் போகிறார். ஆர்க் மெஷின் (கரண்டில் வெல்டிங் செய்வது) இருக்கிறது, கேஸ் செட் வாங்க வேண்டும். கல்டிவேட்டர் கொழு, டிரெய்லர் பாடி, விரிசல் விட்ட பம்ப் பாடி, ஃப்ரிட்ஜ், ஏசி செம்புக் குழாய், மஞ்சள் வேகவைக்கும் பாய்லர் என்று வரக்கூடிய வேலைகளையும் எழுதியிருக்கிறார். ஈரோட்டில் ஒரு கடையில் “எல்பிஜி போதுமுங்க” என்றார்களாம். அடுத்த கடையில் “அசிட்டிலின் இல்லாம கேஸ் வெல்டிங்கே இல்லீங்க” என்றார்களாம். யார் சொன்னது சரி என்பது கேள்வி.

தம்பி, கேஸிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். வேலையிலிருந்து தொடங்குங்கள். இரும்பை உருக்கி இரும்போடு சேர்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் கேஸில் அசிட்டிலின்தான், அதற்கு மாற்று இல்லை. வெட்டுவது, பழுக்கக் காய்ச்சி வளைப்பது, பித்தளை ராடோ வெள்ளி ராடோ வைத்துப் பிடிப்பது (பொருளை உருக்காமல் ராடை மட்டும் உருக்கி ஒட்டுவது), இவ்வளவுதான் என்றால் எல்பிஜி தாராளமாகப் போதும். உங்கள் பட்டியலில் இரும்பை உருக்கிச் சேர்க்கும் வேலை எல்லாவற்றையும் ஆர்க் பார்த்துக்கொள்ளும். அதனால் எல்பிஜி–ஆக்சிஜன் செட்டில் தொடங்குங்கள். மெல்லிய தகடு, சின்னக் குழாய் வேலை நிறைய வர ஆரம்பித்த பிறகு டி.ஏ. சிலிண்டரை (அசிட்டிலினைத்தான் பட்டறைகளில் இப்படிச் சொல்வார்கள்) எடுத்துக்கொள்ளலாம். கேஸில் மிச்சமாகும் காசை ரெகுலேட்டரிலும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டரிலும் (நெருப்பு ஹோஸ் வழியே சிலிண்டருக்குப் பாயாமல் தடுப்பது) போடுங்கள்.

இனி ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் புதிதாக எந்த வேலை வந்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்கலாம்.

இரும்பு சுமார் 1,500 டிகிரியில் உருகும். ஆக்சிஜனோடு எரியும் எல்பிஜி 2,800 டிகிரி வரை போகும். பிறகு ஏன் அதில் இரும்பு வெல்டிங் ஓடாது? முதல் காரணம், சூடு எந்த இடத்தில் இருக்கிறது என்பது. அசிட்டிலின் சுடரில் நாசில் நுனியில் ஒரு சின்ன வெள்ளைக் கூம்பு தெரியும். அதன் முனைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னால்தான் 3,100 டிகிரிக்கு மேற்பட்ட சூடு. ஒரு கன மீட்டர் அசிட்டிலின் எரிந்தால் அந்த உள்கூம்பில் மட்டும் 19 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் கிடைக்கிறது. புரோப்பேனில் உள்கூம்பு வெப்பம் 10 மெகாஜூல்தான். அதன் மிச்சம் 85 மெகாஜூல் வெளிச்சுடரில் பரவிக் கிடக்கிறது. அகலமாகக் காய்ச்ச அது அருமை. ஒரு புள்ளியில் இரும்பை உருக்கி அதை ஓட்டிக்கொண்டு போக உதவாது.

இரண்டாவது காரணம்தான் பெரியது. அசிட்டிலின் அந்தக் கூம்பில் தனக்குச் சமமான அளவு ஆக்சிஜனோடு எரிந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. இவை இரண்டும் வெளியே வந்து சுற்றியுள்ள காற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு எரிகின்றன. அதனால் உருகிய இரும்பைக் காற்று தொடுவதில்லை. மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக ஓடிவரும் கரண்ட் வெல்டிங்) கேஸ் செய்யும் காவலை இங்கே சுடரே செய்கிறது. எல்பிஜிக்கு முழுச் சூடு வர வேண்டுமானால் ஒரு பங்குக்கு நாலு பங்குக்கு மேல் ஆக்சிஜன் ஊட்ட வேண்டும். அந்தச் சுடர் இரும்பை ஆக்சைடாக்கும். பொறி பறக்கும், வெல்டு துளைத் துளையாக வரும், தட்டினால் உடையும். ஆக்சிஜனைக் குறைத்தால் சூடு போதாது. நல்ல கைக்காரர் செய்தாலும் இதுதான் கதி.

அசிட்டிலின் சுடரை அமைக்கும்போது கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அசிட்டிலினை மட்டும் பற்றவைத்ததும் மஞ்சளாக எரிந்து கரித்தூளைக் கக்கும். கரி கக்குவது நிற்கும் வரை வால்வைத் திறங்கள். பிறகு ஆக்சிஜனை மெல்லத் திறக்கும்போது சுடர் நீலமாகி, நாசில் முனையில் கூம்பும், கூம்பைச் சுற்றி இறகு போல வெள்ளையாக ஓர் அடுக்கும், வெளியே நீல உறையும் தெரியும். ஆக்சிஜன் ஏற ஏற அந்த இறகு சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் கூம்புக்குள் அடங்கி, கூம்பின் விளிம்பு பளிச்சென்று தெரியும். அங்கே நிறுத்தினால் நியூட்ரல் சுடர். இரும்புக்கு அதுதான். இன்னும் கொஞ்சம் ஆக்சிஜன் விட்டால் கூம்பு குட்டையாகிச் சீறும். பித்தளைக்கு அந்தச் சுடரை லேசாக வைப்பார்கள், துத்தநாகம் புகையாகப் போவது குறையும். இறகு கொஞ்சம் மிஞ்சியிருக்கும் சுடர், தேய்மானத்துக்குக் கடின உலோகம் ஏற்றும் வேலைக்கு. எல்பிஜியில் இப்படித் தெளிவாகப் படிக்கிற மாதிரி இறகு கிடையாது. கூம்பின் நிறத்தையும் நீளத்தையும் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது எல்பிஜி பக்கம். தகடு வெட்டுவதில் எனக்கு எல்பிஜிதான் பிடிக்கும். வெட்டுவது சுடரின் வேலை அல்ல. சுடர் இரும்பைப் பழுக்க வைக்கும், நடுத்துளையில் வரும் ஆக்சிஜன் அந்த இரும்பை எரித்துத் தள்ளும். ஆகவே துளை போட்டுத் தொடங்கும்போது எல்பிஜி கொஞ்சம் தாமதிக்கும், ஓட ஆரம்பித்த பிறகு பெரிய வித்தியாசம் இருக்காது. வெட்டின விளிம்பு உருண்டுவிடாமல் சுத்தமாக வரும், கசடும் எளிதில் உதிரும். வார்ப்பிரும்பு, ஸ்டெயின்லெஸ், அலுமினியம் மூன்றும் இந்த முறையில் ஒழுங்காக வெட்டுப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்பிஜி மலிவு என்று சொல்பவர்கள் ஆக்சிஜன் பில்லைச் சேர்த்துச் சொல்வதில்லை. நாலு மடங்கு ஆக்சிஜன் குடிக்கும் கேஸ் அது. நாள் முழுக்கக் காய்ச்சும் வேலை என்றால் 7 கன மீட்டர் ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று பாருங்கள். அப்படியும் கணக்குப் போட்டால் வெட்டுக்கும் காய்ச்சுக்கும் பெரும்பாலும் எல்பிஜிதான் கட்டுபடியாகும்.

வாங்க வேண்டியது 19 கிலோ வணிகச் சிலிண்டர். வீட்டுச் சிவப்புச் சிலிண்டரைப் பட்டறையில் வைப்பது சட்டப்படி குற்றம். நம் எல்பிஜியில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில்தான் ஆவியாகும். சமவெளியில் இது தொல்லை இல்லை. ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் மார்கழியில் வேலைக்குப் போனால் கேஸ் இழுக்காமல் சுடர் படுத்துவிடும். பெரிய நாசில் போட்டு வேகமாக இழுத்தால் கோபியிலேயே சிலிண்டர் மேல் பனி பூக்கும். அப்போது டார்ச்சைச் சிலிண்டரில் காட்டிச் சூடேற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டு சிலிண்டரை இணைத்து எடுங்கள்.

எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தரையாக ஓடிப் பள்ளத்தில் தேங்கும். சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிப் பட்டறைகளில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யக் குழி வெட்டியிருப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு குழி உங்கள் பட்டறையிலும் இருந்தால் எல்பிஜி சிலிண்டர் அதன் பக்கமே போகக் கூடாது.

ஹைட்ரஜன் பற்றியும் சிலர் கேட்பார்கள். தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடர் தரும் சின்ன மெஷின்கள் நகை வேலைக்கு நல்லவை, ஊசிச் சுடர் கிடைக்கும், கரி படியாது. உங்கள் பட்டறைக்கு அதில் வேலை இல்லை. சேலத்தில் வெள்ளிக் கொலுசுக்குப் பற்றாசுப் பொடி வைத்து ஊதும் வேலைக்கு எல்பிஜியும் காற்றும் சேர்ந்த சுடரே போதும்.

உங்கள் பட்டியலில் கவனம் அதிகம் கேட்பது பம்ப் பாடி. கோயம்புத்தூரைச் சுற்றி வார்த்தெடுத்த பம்புகள் கொங்கு முழுக்கக் கிணற்று மேட்டில் ஓடுகின்றன, விரிசலும் விடுகின்றன. வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். ஆர்க்கில் நேராக வைத்தால் வெல்டு ஓரம் கண்ணாடி மாதிரிக் கெட்டியாகி, ஆறும்போதே ‘டிக்’ என்று சத்தம் கேட்கும், பக்கத்தில் புது விரிசல் ஓடியிருக்கும். நிக்கல் ராடில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தப்பலாம், விலை அதிகம். பித்தளை ராடு வைத்துப் பிடிப்பதுதான் ஊர்ப் பட்டறைக்கு ஏற்ற வழி. ராடு 900 டிகிரிக்குள் உருகிவிடும், வார்ப்பிரும்பு உருக வேண்டியதில்லை.

விரிசல் எங்கே முடிகிறது என்று மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவிப் பாருங்கள். உள்ளே ஊறியது கசிந்து கோடு தெரியும். அதன் முனையில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அதற்கு மேல் ஓடாது. பிறகு விரிசலை ‘வி’ போலத் தோண்ட வேண்டும். இங்கேதான் பலருக்கும் வேலை கெடுகிறது. கிரைண்டிங் வீலால் தேய்த்தால் இரும்பிலுள்ள கிராஃபைட் மேற்பரப்பெல்லாம் மையாகப் பூசிக்கொள்ளும். அதன் மேல் பித்தளை ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். உளியாலோ அரத்தாலோ எடுங்கள். கிரைண்டர்தான் வழி என்றால், கடைசியில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடிய சுடரால் அந்த முகத்தை எரித்துவிட்டு, கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பாடி முழுவதையும் மெல்லச் சூடாக்கி, விரிசல் பகுதி மங்கலான சிவப்பு வந்ததும், சூடான ராடை வெண்காரப் பவுடரில் (ஆக்சைடை அகற்றி ராடை ஒட்டவைப்பது) தோய்த்து ஒரு சொட்டு வையுங்கள். அது ஈரம் பரவுவது போல இரும்பின் மேல் விரிந்தால் சூடு சரி. உருண்டால் சூடு போதவில்லை, கொதித்து வெள்ளைப் புகை வந்தால் சூடு கூடிவிட்டது. அந்தப் புகை துத்தநாகம். மூச்சில் போனால் அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரும். கால்வனைஸ் பைப்பிலும் இதே தொல்லை, காற்று ஓடும் இடத்தில் செய்யுங்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த சாம்பலுக்குள் புதைத்து மறுநாள் எடுங்கள். இந்தக் காய்ச்சும் வேலைக்கு எல்பிஜியின் அகலமான சுடர் கச்சிதம். எஞ்சின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போலச் சூட்டிலேயே கிடக்கும் பொருளுக்கு மட்டும் பித்தளை வேண்டாம், அங்கே பிடிப்பு இளகிவிடும்.

ஃப்ரிட்ஜ், ஏசி செம்புக் குழாய்க்கு எல்பிஜி சின்ன டார்ச், பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடு. செம்போடு செம்பு என்றால் பவுடரே வேண்டாம், பாஸ்பரஸ் அந்த வேலையைச் செய்துவிடும். செம்பை இரும்போடு சேர்க்க அந்த ராடை எடுக்காதீர்கள், இணைப்பு நொறுங்கும். அங்கே வெள்ளி ராடும் அதற்கான பவுடரும்தான். காட்மியம் இல்லாத ராடு என்று கேட்டு வாங்குங்கள், காட்மியம் புகை உயிரையே எடுக்கும். இப்போது வரும் ஃப்ரிட்ஜ் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், எரியும் கேஸ். கம்ப்ரசர் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமல் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டாம். கேஸை வெளியேற்றி, நைட்ரஜன் விட்டுத் துரத்திய பிறகே சுடர். நைட்ரஜன் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்தால் குழாய்க்குள் கருப்புப் பொருக்கும் வராது.

மஞ்சள் பாய்லரில் அடுப்புக் கூடு, புகைக்குழாய், சக்கரம், மஞ்சள் கொட்டும் டிரம்மின் மூடி, இவற்றில் கை வையுங்கள். நீராவி அழுத்தம் தாங்கும் பகுதியில் வைக்காதீர்கள். அது அங்கீகாரம் பெற்ற வெல்டரின் வேலை.

சாமானுக்கு வருவோம். எல்பிஜிக்கும் அசிட்டிலினுக்கும் டார்ச் கைப்பிடி பெரும்பாலும் பொதுவாக இருக்கலாம், நாசில் பொதுவாக இருக்கவே முடியாது. கட்டிங் நாசிலை ‘ஏஎன்எம்’ என்று கேட்டால் அசிட்டிலினுக்கு, ‘பிஎன்எம்’ என்றால் எல்பிஜிக்கு. எல்பிஜி நாசில் இரண்டு துண்டாகக் கழன்று வரும், உள்துண்டில் வரிவரியாகக் காடி இருக்கும். 1/32, 3/64, 1/16 என்ற எண்கள் நடுத்துளையின் அங்குல அளவு. 6 மில்லிமீட்டர் தகடு வரை 1/32, 10, 12 மில்லிமீட்டருக்கு 3/64, அங்குலக் கனத்துக்கு மேல் 1/16 என்று வாங்கினால் போதும். 12 மில்லிமீட்டருக்கு ஆக்சிஜன் பிரஷரைச் சுமார் 2 கிலோவில் (சதுர சென்டிமீட்டருக்கு) வையுங்கள். பிரஷரைக் கூட்டினால் வேகம் கூடும் என்று 5 கிலோ வைப்பார்கள், வெட்டுதான் அகலமாகிக் கெடும். துளை அடைத்தால் அதற்கான ஊசியால் நேராகக் குத்துங்கள், கையில் கிடைத்த கம்பியை விட்டால் துளை கோணிக்கொள்ளும்.

ரெகுலேட்டரில்தான் ஏமாறுவோம். வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் தருவது 30 மில்லிபார் அளவுக்குத்தான். அது டார்ச்சுக்குப் பத்தாது, திருகிக் கூட்டிக் குறைக்கும் எல்பிஜி ரெகுலேட்டர் தனியாக வேண்டும். ஆக்சிஜன் ரெகுலேட்டரை எல்பிஜிக்கு மாட்ட அடாப்டர் செய்து தருகிறேன் என்று லேத்துக்காரர் யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். எரியும் கேஸுக்கு இடப்புற மரை, நட்டில் வெட்டு அடையாளம் இருக்கும். ஆக்சிஜனுக்கு வலப்புற மரை. மாறிப் போகக் கூடாது என்றுதான் அப்படி வைத்தார்கள். சிலிண்டர் நிறமும் அதற்குத்தான், ஆக்சிஜன் கருப்பு, அசிட்டிலின் மெரூன். ஹோஸில் ஆக்சிஜனுக்கு நீலம், அசிட்டிலினுக்குச் சிவப்பு. அசிட்டிலினுக்கு மட்டும் என்று வரும் ரப்பரை எல்பிஜி அரித்துவிடும், எல்பிஜிக்கு ஏற்ற ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு ரெகுலேட்டரிலும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர், டார்ச் முனையில் நான்ரிட்டர்ன் வால்வு (கேஸ் திரும்பி ஓடாமல் தடுப்பது). இதில் பேரம் கூடாது. சுடர் ‘பட்’ என்று அணைந்தால் நாசில் பிளேட்டில் உரசியிருக்கும், தூரம் பாருங்கள். அணைந்த பிறகும் டார்ச்சுக்குள் ‘ஸ்ஸ்’ என்று சீறல் கேட்டால் நெருப்பு உள்ளே போய்விட்டது. உடனே டார்ச்சில் ஆக்சிஜனை மூடுங்கள், அடுத்து கேஸ், அடுத்து சிலிண்டர்கள்.

கண்ணுக்கு 5ஆம் நம்பர் பச்சைக் கண்ணாடி. ஆர்க் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, கூலிங் கிளாஸ் காப்பாற்றாது. பற்றவைக்க உரசும் லைட்டர்தான். சட்டைப் பையில் சிகரெட் லைட்டர் வைத்துக்கொண்டு டார்ச் பிடிக்காதீர்கள்.

பின்னால் அசிட்டிலின் எடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை சில. அசிட்டிலினை 1 கிலோ பிரஷருக்கு மேல் தனியாக அழுத்தினால், ஆக்சிஜனே இல்லாமல் அது தானாகச் சிதறி வெடிக்கலாம். அதனால்தான் சிலிண்டருக்குள் பஞ்சு போன்ற நுண்துளைப் பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊற்றி, அதற்குள் கேஸைக் கரைத்துத் தருகிறார்கள். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் நுரை பொங்குவது போல, வேகமாக இழுத்தால் அசிட்டோனும் சேர்ந்து வரும், சுடர் ஊதா கலந்து தள்ளாடும். ஒரு மணி நேரத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுக்காதீர்கள். பெரிய காய்ச்சும் நாசிலை ஒற்றை டி.ஏ. சிலிண்டரில் மாட்டுவது தப்பு என்பது இதனால்தான். மொபெட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்த சிலிண்டரை நிமிர்த்திச் சில மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், சாவி அதன் மேலேயே இருக்கட்டும். சுத்தமான செம்புக் குழாயை அசிட்டிலின் வழியில் எங்கும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து உண்டாகும் காப்பர் அசிட்டிலைடு லேசாகத் தட்டினாலே வெடிக்கும். கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டுக் கேஸ் எடுக்கும் பழைய டிரம் இன்னும் சில பட்டறைகளில் மூலையில் நிற்கிறது, சொற்ப விலைக்குத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அழுத்தமும் உங்கள் கையில் இல்லை, கேஸும் சுத்தமில்லை.

நம் பக்கத்துப் பட்டறை எல்லாவற்றிலும் கை துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டை கிடக்கும். கிரீஸ் பட்ட பனியன் வேஸ்ட்டால் ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் துடைப்பதைவிடப் பெரிய ஆபத்து பட்டறையில் வேறில்லை. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் பொறி இல்லாமலே பற்றும். மரைக்கு எண்ணெய் விடுவது, டெஃப்ளான் டேப் சுற்றுவது இரண்டும் கூடாது. சிலிண்டர் வால்வை முதலில் ஒரு நொடி திறந்து மூடித் தூசியை ஊதிவிட்டு ரெகுலேட்டரை மாட்டுங்கள். அப்புறம் ரெகுலேட்டர் திருகைத் தளர்த்தி வைத்து, வால்வை மெல்ல, மெல்லத் திறங்கள். சட்டென்று திறந்தால் உள்ளே நெரியும் ஆக்சிஜனின் சூடே வாஷரைக் கொளுத்தும். நீங்கள் முகத்தை மீட்டருக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர். வேர்வைக்காகச் சட்டைக்குள் ஆக்சிஜனை ஊதிக்கொள்ளும் பழக்கம் சில பையன்களுக்கு உண்டு. துணியில் ஏறிய ஆக்சிஜன் நெடுநேரம் தங்கும், ஒரு பொறி பட்டால் ஆளே தீப்பந்தம்தான். வேலைக்கு ஆள் வைத்தால் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. சாயப்பட்டறையிலிருந்து வரும் காலி டிரம்மை வாங்கி, “அடுப்பு செய்யணும், நடுவுல வெட்டிக் குடுங்க” என்று வருவார்கள். டிராக்டர் டீசல் டேங்க் ஒழுகல், மருந்தடிக்கும் டேங்க் என்றும் வரும். காலி என்பது கண்ணுக்குத்தான் காலி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் திரவமே சூட்டில் ஆவியாகி டிரம்மைக் கூரை வரை எறியும். டீசல் டேங்கைச் சோப்புத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கழுவி, எல்லா மூடியையும் கழற்றி, வேலை செய்யும் இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, காற்றுப் போக மேலே வழி விட்டுச் செய்யுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று கொண்டுவந்தவருக்கே தெரியாத டிரம் என்றால், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.